தங்கவயல் லைன் வீடுகளின் கதையைச் சேர்க்கப் போய் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களின் பெயர், வேலை, பேச்சு, படம், காகிதம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று இறங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கையை விட்டுப் போனது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணத்தை விடுங்கள், சம்பாதித்துக்கொள்ளலாம். நான் போய்ப் பேச வேண்டியவர்களில் சிலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. இப்படி ஒரு வேலையை யாராவது ஏற்கெனவே செய்து, என்னென்ன இடிக்கும் என்று நாலு வரி எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். நான் தேடியபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சுரங்கமோ, மில்லோ, தோட்டமோ, மூடிப்போன எந்த வேலைத்தலத்தைச் சுற்றி உங்கள் ஊர் இருந்தாலும் இதில் பாதியாவது உங்களுக்கும் பொருந்தும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க்கதை. 1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் கதவு சாத்தும்வரை இந்த மண்ணிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போயிருக்கிறது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. 1965இல் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் யார் கேட்டாலும் கிடைக்கிற தகவல். ஆனால் அந்த ஆழத்தில் நின்று கல்லை உடைத்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த நம் சனங்கள், அதிலும் மிகப் பெரும்பங்கு தலித் மக்கள். தட்டி வீட்டில் பிள்ளை பெற்று, சங்குக்கு எழுந்து, சங்குக்குத் தூங்கியவர்கள். எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுத்தோம் என்று கம்பெனி வருடாவருடம் கணக்கு எழுதியது. எடுத்தவர் யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எதனால் செத்தார் என்பது வீட்டு டிரங்குப் பெட்டியிலும் கிழவர்கள் வாயிலும்தான் இருக்கிறது.

என் தாத்தாவுக்குச் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை, நைனாவுக்கு (அப்பாவுக்கு) பாறையில் துளை போடும் டிரில் வேலை. நைனா போன பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது சம்பளச் சீட்டு, பித்தளை டோக்கன், யூனியன் ரசீது, மூடும்போது கொடுத்த செட்டில்மெண்ட் காகிதம், ஐந்தாறு குரூப் போட்டோ எல்லாம் இருந்தன. குரூப் போட்டோவில் இருப்பவர்களில் நைனாவைத் தவிர ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு இரண்டு பேரைத் தெரிந்தது. அங்கேதான் ஆரம்பித்தது.

பெங்களூரில் வேலை. விடிவதற்கு முன்னே ரயிலைப் பிடித்துப் போய், ராத்திரி மாரிகுப்பத்தில் வந்து இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தி. கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். விவரம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவரிடம் யோசனை கேட்டேன். "முதல்ல அனுமதி வாங்கும்மா, பழைய கட்டிடத்தையெல்லாம் படம் எடு, ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் குழி) இருக்கிற இடத்தைப் பதிவு பண்ணு, அப்புறம் ஆளுங்ககிட்ட போ" என்றார். சரியாகத்தான் பட்டது. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். இது எங்கள் கையில் இல்லை, அங்கே போ என்றார்கள். அங்கே போனால், மேலிடத்திலிருந்து கடிதம் வாங்கி வா. மேலிடத்துக்குக் கடிதம் போட்டால் பதிலே இல்லை. லீவு போட்டுப் போனால் அதிகாரி மீட்டிங்கில் இருப்பார். சம்பளப் பிடித்தம், ஆட்டோ, ஜெராக்ஸ், நோட்டரி என்று இதிலேயே இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போனது. வருடம் ஒன்று ஓடிவிட்டது. கடைசியில் வாய்மொழியாக, "உள்ளே விட முடியாது" என்ற ஒரே வரி.

அந்த ஒரு வருடத்துக்குள்தான், நந்திதுர்க்கம் மைனில் வைண்டிங் எஞ்ஜின் ஓட்டிய ஒரு தாத்தா இறந்துபோனார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது லைன். ஆயிரக்கணக்கான பேரைக் கேஜ் என்ற கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றிய மனிதர். 'அனுமதி வந்ததும் உங்ககிட்ட வர்றேன் தாத்தா' என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது துக்கத்தைவிட ஆத்திரம்தான். ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு ஆயுசுக் கதை மண்ணுக்குள் போய்விட்டது.

அன்றைக்கு வரிசையை மாற்றினேன். முதலில் ஆட்கள். அதற்குப் பிறகு காகிதமும் படமும். கட்டிடம் கடைசி. இந்த வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். கட்டிடத்தைப் படம் எடுக்க இன்னும் பத்துப் பேர் வருவார்கள், செயற்கைக்கோள் படத்தில்கூட அது கிடைக்கும். எண்பது வயதுக்காரர் பேச்சுக்கு அனுமதி கொடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அரசுக் காகிதம் தேவைப்பட்டால் அலுவலக வாசலில் நிற்காதீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மத்திய அரசு நிறுவனம் என்பதால் 2005ஆம் வருடச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இணையத்திலேயே மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. 'எல்லா ஆவணமும் கொடுங்கள்' என்று கேட்டால் தட்டிக் கழிக்க வசதியாகிவிடும். இந்த வருடம், இந்தச் சுரங்கம், இந்தப் பதிவேடு என்று ஒவ்வொரு மனுவிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, ஷாஃப்ட் பக்கம் படம் எடுக்கிறேன் என்று தனியாகப் போகவே போகாதீர்கள். பம்பு நின்றதிலிருந்து சுரங்கமெல்லாம் தண்ணீர். மேலே மூடி இருக்கிறதா, புதர் மறைத்திருக்கிறதா என்று தெரியாத வாய்கள் இருக்கின்றன. தங்கம் பிரித்தபின் மிஞ்சிய கல்தூளைக் கொட்டிக் குவித்த சைனைட் மேடும் அப்படித்தான். காற்று அடிக்கிற மாதங்களில் அந்தத் தூசு ஊரையே மூடும். அதன்மேல் ஏறி நின்று வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பேச்சைப் பதிவு செய்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். முதல் சில பதிவுகளில் பாதி ஃபேன் சத்தம், மீதி பக்கத்து வீட்டு டிவி. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதை முதலில் வாங்குங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் கால் வந்து பதிவு அறுந்துபோகும். ரெக்கார்டர் செட்டிங்கில் சுருக்காத வடிவம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பதிவு தொடங்கியதும் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பின்னால் பைலின் பெயர் மாறினாலும் குரலுக்குள்ளேயே விவரம் இருக்கும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு நெஞ்சில் கல்தூசு. சிலிகோசிஸ் என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'மைன்ஸ் இருமல்' என்பார்கள். அரை மணி நேரம் தொடர்ந்து பேசினால் மூச்சு வாங்கும். காலையில் போங்கள், இருபது நிமிடம் போதும், மறுவாரம் தொடருங்கள். எனக்கு அவசரம் இருந்தது என்பதற்காக அவரைத் திணற வைக்க எனக்கு உரிமையில்லை. சாயங்காலம் போனால் பேச்சே எழும்பாது, பனிக்காலம் என்றால் அதுவும் கஷ்டம்.

என்ன கேட்பது என்பதுதான் இதில் பெரிய விஷயம். "மைன்ஸ் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "இன்னாத்த சொல்றது கண்ணு, கஷ்டந்தான்." அதோடு முடிந்தது. கேள்வியைச் சின்னதாக்கினேன். ராத்திரி ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? டிபன் கேரியரில் என்ன இருக்கும்? எந்த ஷாஃப்ட்? எந்த லெவல்? உங்களோடு ஜோடி போட்டு டிரில் பிடித்தவர் யார், அவர் பிள்ளைகள் இப்போது எங்கே? இப்படிக் கேட்டதும் மடை திறந்தது. கேஜ் ஏற்றி இறக்குகிற இடத்தில் பெல் அடித்த ஒரு பெரியப்பா, ஆள் ஏறினால் எத்தனை அடி, கல் ஏறினால் எத்தனை, நிறுத்த எத்தனை என்று கட்டில் கட்டையில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காட்டினார். கை நடுங்கியது, ஆனால் அடியின் இடைவெளி ஒரு இடத்திலும் பிசகவில்லை. சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, "தூக்கத்துல கூட அதயேதான் தட்டும்" என்றார். அந்த ஒரு நிமிடப் பதிவுக்காக மட்டுமே இத்தனை அலைச்சலையும் நான் திரும்பப் படத் தயார்.

பெண்களைக் கேட்க மறக்காதீர்கள். ஏர்பிளாஸ்ட், அதாவது ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது, நடந்தால் நிலம் அதிரும், தட்டி வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருளும். உடனே பெண்கள் எல்லாம் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். யார் புருஷன் மேலே வந்தான், யார் வரவில்லை என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆண்கள் சொல்லும் கதையில் கல் விழுந்த இடம் வரும். ஆயாக்கள் சொல்லும் கதையில் அதற்கு அடுத்த இருபது வருடம் வரும். அந்தக் குடும்பம் எப்படிக் கஞ்சி குடித்தது, நஷ்ட ஈடு எத்தனை நாள் கழித்து வந்தது, அந்த வேலை மகனுக்குக் கிடைத்ததா தம்பிக்குக் கிடைத்ததா, எல்லாம் கணக்காகச் சொல்வார்கள்.

இனி நம்பிக்கை விஷயம். சினிமாவில் ஊர்ப்பெயர் அடிபட்ட பிறகு கேமராவோடு வந்தவர்கள் ஏராளம். அப்படி வந்த ஒரு குழு, எங்கள் பக்கத்து லைனில் ஒரு அக்காவிடம், அவர் அப்பாவுடைய ஆல்பத்தை 'ஒரு வாரத்தில் தருகிறோம்' என்று வாங்கிப் போனது. அவ்வளவுதான். போன் எடுப்பதில்லை. அதற்கப்புறம் நான் போய் நின்ற வாசலில் எல்லாம் சந்தேகம். "இன்னா பண்ணப்போற இத வெச்சிக்கினு? எவ்ளோ துட்டு வரும் உனக்கு?" என்று நேராகவே கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நூற்றிருபது வருடம் எடுத்துக்கொண்டு போனவர்களைத்தானே அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் ஒரு வழக்கம் வைத்தேன். எந்த அசலும் வீட்டு வாசலைத் தாண்டாது. மடிக்கணினியும் சின்ன ஸ்கேனரும் என் தோளில் வரும். அவர்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்து, அங்கேயே அதே வரிசையில் திருப்பி அடுக்கிவிடுவேன். அடுத்த வாரம் அந்தப் படங்களில் இரண்டைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய் ஆகும். பல கதவுகள் அந்த நாற்பது ரூபாயில்தான் திறந்தன.

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் ஒரு கடையில் கொடுத்துப் பார்த்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு குரூப் போட்டோக்கள். படம் வளைந்திருக்கிறது என்று அவர்களாகவே ஒன்றை லேமினேட் செய்து கொடுத்துவிட்டார்கள். சூட்டில் மேல்பூச்சு ஒட்டிக்கொண்டது, இனி பிரிக்க முடியாது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த இரண்டு பெயரும் மங்கிவிட்டன. ஆறாயிரம் ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். பழைய படத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும். பசை தடவிய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் கிழியும். பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் மெல்ல ஓட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தொடவே வேண்டாம், நிழலில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துக் கண்ணாடியோடு படம் எடுங்கள், பளபளப்பு விழாது. ஸ்கேன் என்றால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சின்ன பாஸ்போர்ட் படமானால் 1200. டிஃப் வடிவத்தில் ஒரு அசல், பகிர்வதற்கு ஜேபெக் ஒன்று. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம்தான் வரலாறு.

தேதி இல்லாத காகிதத்தை எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. தலைப்பைப் பாருங்கள். மைசூர், சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம், நந்திதுர்க்கம் என்று தனித்தனிக் கம்பெனிப் பெயர் இருந்தால் 1956க்கு முன். அந்த வருடம் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசிடம் போய் 'கோலார் கோல்டு மைனிங் அண்டர்டேக்கிங்ஸ்' ஆனது. பாரத் கோல்டு மைன்ஸ் என்று இருந்தால் 1972க்குப் பின். உங்கள் ஊர் ஆலைக்கும் இப்படிப் பெயர் மாறிய வருடங்கள் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வீட்டிலும் உதவும்.

பெட்டிகளில் கம்பெனிக் காகிதம் மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பம் முக்கியமான இடம். அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பின்னாளில் 1926இலிருந்து அதே இயக்கத்தைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை இங்கேதான் நூல்கள் அச்சிட்டது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம், 1946 நவம்பர் 4இல் தொழிலாளர்கள்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடு, இதையெல்லாம் ஒட்டிய துண்டறிக்கைகள் எந்த வீட்டுப் பரணில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் ரேஷன் கார்டுக்கு உறையாக மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தால் பழைய யூனியன் நோட்டீஸ். அட்டை, உறை, மடிப்பு எதையும் பார்க்காமல் விடாதீர்கள்.

இதற்கு நடுவில்தான் ஹார்டு டிஸ்க் போனது. எல்லாவற்றையும் இரண்டாவது டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன், பாதியில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அதோடு முதல் டிஸ்க் கண் மூடியது. வாங்கி வருடம்கூட ஆகவில்லை. பெங்களூரில் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்தேன். இருபத்திரண்டாயிரம் ரூபாய். படங்களில் பெரும்பகுதி வந்தது. குரல் பதிவுகளில் சில திறக்கவே இல்லை. அதில் ஒன்று, பேசிய இரண்டு மாதத்தில் இறந்துபோன ஒரு ஆயாவுடையது. அவர் மகளிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாள் எதிரிக்கும் வேண்டாம். இப்போது பதிவு முடிந்த அன்றே மூன்று பிரதி: மடிக்கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. இதற்கு மேல் பேசியவர் வீட்டுப் பிள்ளையின் போனுக்கும் அனுப்பிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பைலையும் திறந்து பார்க்க வேண்டும். வைத்துவிட்டோம் என்று விட்டுவிட முடியாது.

பைலுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். வருடம், லைன், குடும்பம், எண் என்று நான் வைக்கிறேன். அதே எண் ஒரு எக்செல் தாளில் இருக்கும், அதற்கு எதிரே யார் யார், இடமிருந்து வலமாக. பெயர் தெரியாதவர் இடத்தைக் காலியாக விடாமல் 'மூன்றாவதாக நிற்பவர், தலைப்பாகை' என்றாவது எழுதி வையுங்கள். பின்னால் யாராவது வந்து பெயர் சொல்வார்கள்.

சம்மதம் என்பது ஒரு தரம் வாங்கி முடிகிற காரியமாக இருக்கவில்லை. ஒரு பெரியவர் மூன்று ஞாயிறு மனம் விட்டுப் பேசினார். அதில் தங்கம் கலந்த கல் திருட்டாக வெளியே போனது பற்றியும், போலீஸ் கேஸ் பற்றியும், பெயரோடு வந்தது. அவர் மகன் வந்து, "அதெல்லாம் வெளிய வந்தா எங்க பசங்களுக்கு நல்லா இருக்காது" என்றார். பதிவு முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டேன். பெரியவருக்கு வருத்தம், எனக்கும் வருத்தம், ஆனாலும் உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கெடுதல் செய்து வரலாறு சேர்க்க முடியாது. இப்போது தமிழில் ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஊர்க்காரர் மட்டும் கேட்கலாம், என் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்று மூன்று கட்டம். படிக்க வராதவர்களுக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலிலும் பதிவு செய்துகொள்கிறேன். சாதி, விபத்து, வழக்கு வரும் இடங்களை எழுதிக் குடும்பத்துக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறேன்.

படங்களின் உரிமை பற்றியும் கேட்பார்கள். பணம் கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்கிறது 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. கம்பெனி தன் ஆளை வைத்து எடுத்த படத்துக்குக் கணக்கு வேறு, அதை இணையத்தில் போடுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தது எல்லாம் கணினிக்குள் கிடந்தால் ஊருக்கு என்ன வந்தது? கண்காட்சி வைக்க நினைத்தேன். ஒரு மண்டபத்துக்குப் பதினைந்தாயிரம் முன்பணம் கட்டினேன். துப்பாக்கிச் சூட்டுப் படமும் யூனியன் நோட்டீசும் இருக்கிறது என்று தெரிந்ததும் 'அரசியல் நிகழ்ச்சிக்கு இடமில்லை' என்று ரத்து செய்துவிட்டார்கள். முன்பணம் திரும்பவில்லை. ரசீதில் 'அட்வான்ஸ்' என்று மட்டும் இருந்தது, எதற்கு, எந்தத் தேதிக்கு, ரத்தானால் என்ன என்று ஒன்றும் எழுதித் தர மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். கடைசியில் எங்கள் லைன் நடுவே இருக்கிற காலி இடத்திலேயே கயிறு கட்டி, துணி கிளிப்பில் படங்களை மாட்டினோம். செலவு மூவாயிரத்தைத் தாண்டவில்லை. மண்டபமாக இருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிற பாட்டிமார்கள் எல்லோரும் நைட்டியோடும் துண்டோடும் வாசலிலிருந்து அப்படியே நடந்து வந்தார்கள்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வெற்றுச் சீட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்: 'இவர்களில் யாரையாவது தெரியுமா?' சாயங்காலத்துக்குள் சீட்டுகள் நிரம்பிவிட்டன. எங்கள் வீட்டு குரூப் போட்டோவில், லேமினேட் கடையில் பெயர் அழிந்துபோன அந்த இருவரில் ஒருவரை அவருடைய பேத்தியே வந்து காட்டினாள். பெங்களூரில் வேலை செய்கிற பெண், எனக்கு நாலு பெட்டி தள்ளி அதே ரயிலில் தினம் வருகிறவள். தாத்தாவின் முகத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அவர்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். அங்கேயே போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள், அந்தப் பக்கம் அம்மா அழுவது எனக்குக் கேட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் என்னோடு வருகிறாள். ஸ்கேனரை அவள் பார்த்துக்கொள்கிறாள், நான் பேச்சைப் பார்த்துக்கொள்கிறேன். வேலை இரண்டு மடங்கு வேகமாகப் போகிறது. ஆரம்பத்திலேயே ஒரு துணை தேடிக்கொள்ளுங்கள், தனியாக இதைச் சுமப்பது உடம்புக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது.

பொதுவில் வைக்கலாம் என்று சம்மதம் உள்ளவற்றை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழைய தமிழ் அச்சுக் காகிதங்கள் கிடைத்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் மாதிரியான இடங்களில் விசாரிக்கலாம். அசல் காகிதத்தைப் பாதுகாக்கும் வசதி நம் வீடுகளில் இல்லை, கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது தங்கவயல் வீடுகளுக்கு. நம் காகிதங்களை அதிகம் தின்றது கரையான் இல்லை, போகிதான். 'எதுக்கு இந்தக் குப்பை' என்று சம்பளச் சீட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் யூனியன் ரசீதையும் நெருப்பில் போட்டுவிட்டதாக வீட்டுக்கு வீடு கேட்டுவிட்டேன். இந்த மார்கழியில் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம், போனிலேயே முன்னும் பின்னும் படம் எடுத்துவிடலாம். எழுத்து புரியவில்லை என்றால் பரவாயில்லை, லைன் பெயரையும் வீட்டுப் பெரியவர் பெயரையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். உரிகம், ஆண்டர்சன்பேட் பக்கத்து லைன்களில் நாங்கள் இன்னும் கால் வைக்கவே இல்லை. அங்கே யாராவது ஆரம்பித்தால், சம்மதத் தாளின் மாதிரி, கேள்விப் பட்டியல், எக்செல் எல்லாம் தருகிறோம்.